குவைத்தில் வாளிக்கு என்ன பேர்?

“வாளிக்கு?”

“மக்னசா.”

“வெளக்கமாத்துக்கு?”

“சத்தில். எத்தனை தடவைம்மா கேப்ப?” பாண்டிச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாத்தூரிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில் முருகம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீட்டு நுனியில் உட்கார்ந்து முந்தானையை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு, பதினோரு மணிக்கு லாட்ஜுக்கு வரச் சொல்லியிருந்தார். வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாராம், அரபியில் பேர் சொல்ல வேண்டுமாம். சரியாகச் சொன்னால் அடுத்த மாதமே விமானம்.

முருகம்மாளின் புருஷன் சங்கிலிமுத்து மனசுக்குள் காங்கிரீட் வீடே கட்டி முடித்துவிட்டார். மகளைத் தீப்பெட்டி ஆபீஸ் வேலையிலிருந்து போன வாரமே நிறுத்தியும் ஆயிற்று. பெண்டாட்டியிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் இல்லை. பாண்டிச்செல்விக்கோ விமானத்தில் ஏறினால் போதும்.

அரபி சொல்லிக் கொடுக்க ஆள் பிடித்தது மட்டும் முருகம்மாள்தான். சாத்தூர் பெனாசிர், குவைத்துக்குப் போய் எட்டே மாதத்தில் திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். மூன்று வாரமாகத் தினமும் சாயங்காலம் முருகம்மாளே மகளை அங்கே கூட்டிப்போய், வாசலில் காத்திருந்து கூட்டி வந்தாள்.

“அங்கன பாரு, முன் சீட்டுல சாதிக் பாட்சா பாய் உக்காந்திருக்காரு,” என்றார் சங்கிலிமுத்து. “சவூதியில பத்து வருசம் இருந்த மனுசன். பிள்ளைய அவருகிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொல்லு.”

முருகம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். “சும்மா இருக்கீகளா? நம்ம ஊரு வெளக்கமாறு மெட்ராஸ்ல தொடப்பமாயிருது. சவூதிப் பேரு வேற, குவைத்துப் பேரு வேற. கடைசி நேரத்துல பிள்ளையக் குழப்பாதீக.”

அதுவும் நியாயம்தான் என்று அவர் அடங்கிவிட்டார்.

லாட்ஜ் வராந்தாவில் இருபது பெண்களாவது இருப்பார்கள். முருகம்மாள் உட்காரவே இல்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். குடிக்கக் கொடுத்த காப்பி கையிலேயே ஆறிப்போனது.

மகளின் பேரைக் கூப்பிட்டதும் அறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

ஏஜெண்டு வாளியைத் தூக்கினார்.

“மக்னசா!” என்றாள் பாண்டிச்செல்வி பளிச்சென்று.

ஏஜெண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். கத்தியைக் காட்டினார். “மில்அகா.” கரண்டியைக் காட்டினார். “சிக்கீன்.” பக்கத்தில் பேர் எழுதிக்கொண்டிருந்த ஆள் வாய்விட்டுச் சிரித்தான்.

“ஏம்மா, கரண்டி கேட்டா கத்தியைக் கொண்டுபோய் நீட்டுவ போலிருக்கே? அந்த வீட்டுக்காரங்ககிட்ட நானா பேச்சு வாங்குறது? அடுத்த ஆளு வாங்க!”

வெளியே வந்து பாண்டிச்செல்வி தேம்பித் தேம்பி அழுதாள். சங்கிலிமுத்து ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“அந்தப் பிள்ளைய எட்டு மாசத்துல வெரட்டி விட்டது இதுக்குத்தான் போல! அவளுக்கே ஒரு எழவும் தெரியல!”

“நீங்க பிள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க,” என்றாள் முருகம்மாள். “அந்தப் பெனாசிரை நான் பாத்துக்கிடுறேன்.”

சாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் விறுவிறுவென்று பெனாசிர் வீட்டுக்கு நடந்தாள். அவள் வந்த வேகத்தைப் பார்த்ததும் பெனாசிருக்கு முகம் வெளிறிவிட்டது.

“என்னக்கா ஆச்சு?”

முருகம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பெனாசிரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

“நாஞ் சொன்னபடி நீ மாத்திச் சொல்லிக் குடுத்ததுல ஒண்ணுகூடத் தப்பல, தாயி!”