ஏழாவது அழைப்பு

பாலத்துக்குக் கர்டர் வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில், கம்பியை முதலிலேயே இழுத்துக் கட்டிவிட்டுத்தான் கான்கிரீட் கொட்டுவார்கள். அப்படிச் செய்தால் பிறகு பாரம் ஏறும்போது விரிசல் விடாது. குடும்பங்களுக்கும் அதையே செய்தால் என்ன என்று நிர்வாகத்துக்குத் தோன்றியது.

அதனால் நலன் அலுவலர் இருதயராஜ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தொழிலாளியின் வீட்டுக்கும் போன் செய்து, ஆள் இறந்துவிட்டதாகச் சொல்வார். எதிர்முனையின் அழுகையை இயந்திரம் அளக்கும். சாயங்காலம் ஆள் வழக்கம்போல வீடு திரும்பிவிடுவார். இருதயராஜுக்கு நல்ல குரல் என்று அலுவலகத்தில் பெயர்.

ஏகாம்பரத்தின் மனைவி கோமளா முதல் தடவை மயங்கி விழுந்தாள். நாலாம் தடவை கொஞ்சம் அழுதாள். ஆறாம் தடவை, "சாப்பிட்டாரா சார்?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, இழுத்துக்கொண்டிருந்த கம்பி அறுந்து ஏகாம்பரத்தின் மார்பில் அடித்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருதயராஜ் போனை எடுத்தார்.

"கோமளாம்மா, ஏகாம்பரம் போயிட்டாரும்மா." குரல் தழுதழுத்தது. எப்போதும் அப்படித்தான் தழுதழுக்கும்.

"சரிங்க சார்."

"இது ஒத்திகை இல்லம்மா. சத்தியமா நெசம்."

"போன தடவையும் சத்தியம் பண்ணீங்களே சார். அடுப்புல கொழம்பு கொதிக்குது. வரும்போது பெரியவளுக்கு ஒரு கிராஃப் நோட்டு வாங்கியாரச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள். இருதயராஜின் மேசையில் அழுகையை அளக்கும் இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து ஓடியது: "விரிசல் இல்லை. இந்தக் குடும்பத்துக்கு இனி ஒத்திகை தேவையில்லை."