கல்லுப்பு

“மம்மி, கோவமா ப்ரே பண்ணா காட் கேப்பாரா?” என்று மகள் ஜோவானா ஒருமுறை ஜெயகுமாரியிடம் கேட்டாள். அவர்கள் வசிக்கும் டெக்சாஸ் கிராமத்தில் இன்று மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாய் உறைகிறது. பக்கத்து வீட்டுக் கிழவர் ராய் வெட்டாமல் விட்ட மரக்கிளை, பனி கனத்து முறிந்து, மின்கம்பியை அறுத்துக்கொண்டு கிடக்கிறது. “எத்தனை தடவை சொன்னேன்! மனுஷனா அவர்?” என்று ஜெயகுமாரி பொரிகிறாள். இருண்ட வீட்டில், கம்பளிக்குள் இருமிக்கொண்டிருக்கும் கணவன் தேவநேசன் சொல்கிறான்: “நான் ஆஸ்பிட்டல்ல கிடந்தப்ப, சொல்லாம நம்ம லான்ல புல்லை மோ பண்ணினதும் அவர்தானே, ஜெயா.” “அதுக்கு?” என்று சீறுகிறாள். ஜன்னலுக்கு வெளியே ராயின் வாசற்படிகள் பனி உறைந்து பளபளக்கின்றன. விறகெடுக்க அவர் கைத்தடியோடு அவற்றில்தான் இறங்கவேண்டும். மீன்குழம்புக்கு வாங்கிவைத்த கல்லுப்புப் பையோடு அவள் வேலியைக் கடக்கிறாள். பல்லைக் கடித்தபடி, அடிப்பதுபோல், ஒவ்வொரு படியிலும் உப்பை வீசுகிறாள். பனி நொறுநொறுவென்று இளகுகிறது. ராயின் ஜன்னலில் மூடிய திரை அசையுமுன் திரும்பிவிடுகிறாள், கோபம் தணியாமலே.