பனி விழுங்கின பழம்

புதுசா வண்டி எடுத்தா, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்காம நீங்க கிளம்புவீங்களா? கோமளா விடமாட்டா. கிறிஸ்துமஸ் லீவுக்கு வெளிநாட்டுப் பனிமலை ஊருக்கு வந்த எடத்துல, முதல் ரெண்டு நாளு அவ புருஷன் சிங்காரவேலு சர்ச்சு சர்ச்சா போட்டோ எடுத்துக்கிட்டிருந்தப்போ, அவ கடைத்தெருவுல தேடி ரெண்டு பழம் வாங்கி வெச்சுக்கிட்டா. அடுத்த நாளு மலைமேல, பனியில சறுக்க அவரு கால்ல மாட்டியிருந்த புதுச் சறுக்குக்கட்டை ரெண்டுக்கும் அடியில ஒண்ணொண்ணா வெச்சா.

"சக்கரமே இல்லாத வண்டிக்கு எதுக்குடி பழம்? வெள்ளைக்காரன் சிரிக்கிறான் பாரு."

"பிரேக்கும்தான் இல்ல. மிதிச்சிட்டுப் போங்க."

மிதிச்சாரு. இடது பழம் நசுங்கிப் பனியில மஞ்சளா தெறிச்சுது. வலது பழம் நசுங்காம அப்படியே உள்ள எறங்கிருச்சு. கோமளா கையுறையக் கழட்டிட்டு முழங்கை வரைக்கும் தோண்டினா. பழத்தக் காணோம். தோண்டின குழியும் அவ பாக்கப் பாக்கச் சரிஞ்சு மூடிக்கிச்சு.

"போகாதீங்க. எனக்கு மனசே சரியில்ல."

அவரு கேக்கல. சாயங்காலம் மூக்கு செவந்து, சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்தாரு. "பாத்தியா? முழுசா வந்துட்டேன்."

"பழம் இன்னும் உள்ளதான இருக்கு. நாளைக்கு வேணாங்க."

"சரி தாயே, விடிஞ்சதும் நானே போயித் தோண்டி எடுத்தாந்து உன் கையில குடுத்துடறேன். அப்பவாவது சறுக்க விடுவியா?"



மறுநாள் காலைல கோமளா கண்ணு முழிச்சப்போ பக்கத்துப் படுக்கை காலியா கெடந்துச்சு, அவரோட பூட்ஸையும் காணோம். ஜன்னல் வழியா பாத்தா. புதுப்பனி பேஞ்சு மலை பூரா மூடியிருந்துச்சு. அதுமேல ஒரு தடம்கூட இல்ல.