ஐம்பதாவது நம்பர்

ஐம்பது செல்போன் நம்பராவது இருக்கும் ஊருக்குத்தான் பழைய டவரை மாற்றச் செலவு மதிப்பீடு போடலாம். குண்டிமலையில் சரியாக ஐம்பது இருந்தன. பொறியாளர் தணிகாசலம் தொகையை எழுதி முடித்தபோது அந்த ஊர் மாதப்பன் வந்து நின்றான். முந்தாநாள் அவன் மனைவியைப் பாம்பு கடித்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட, சிக்னல் தேடி அவன் பாறை உச்சிக்கு ஏறி இறங்குவதற்குள் அவள் போய்விட்டாள்.

"எப்ப சார் புது டவர் போடுவீங்க?"

தணிகாசலம் உச்சுக் கொட்டினார்.

"அவங்க தனி நம்பரா வச்சிருந்தாங்க?"

மாதப்பன் தலையாட்டினான். அவர் மேசையில் ஸ்கேலைத் தேடினார். ஊரின் பெயரை அடிக்கும் கோடு கோணலாக விழுந்தால் மேலதிகாரிக்குப் பிடிக்காது.

"சார், அவ நம்பருக்கு இன்னும் ரெண்டு மாசம் ரீசார்ஜ் இருக்குது சார்."