பதினோரு கச்சேரி

சேலம் பாசஞ்சர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மொரப்பூர் ஸ்டேஷன் டீக்கடை ரேடியோவில் ஏதோ பாட்டு. அமலோற்பவத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீசைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் ஒரு பாட்டுங்களா? கச்சேரியில அமலோற்பவம் பாடிக் கேக்கணுமுங்க. எண்பத்தொண்ணுல இருந்து பதினோரு கச்சேரி கேட்டுட்டேன். பாலக்கோட்டு மாதா கோயில் திருவிழாவுல கரண்டு போயிடுச்சு. மைக் இல்லாமலே பாடுச்சு பாருங்க, ஒரு கொழந்தகூட அழுவலீங்க. மாரண்டஹள்ளியில நல்ல மழை. ஒருத்தர் எந்திரிக்கணுமே!"

அமலோற்பவத்துக்கு உச்சி குளிர்ந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முகம் நன்றாகத் தெரியும்படி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மனிதர் கண்டுகொள்ளவே இல்லை. பதினோரு கச்சேரி கேட்டவருக்கு முகம் கூடவா தெரியாது? எரிச்சலாக வந்தது.

"அந்தம்மா பாக்க எப்படி இருப்பாங்க?"

"தெரியாதுங்களே."

"ரொம்பப் பின்னால உக்காந்திருந்தீங்களா?"

"மேடைக்குக் கீழயே, மொத ஆளா நிப்பேனுங்க. ஆனா நான் போலீஸ் கான்ஸ்டபிளு. பந்தோபஸ்துக்குப் போனா சனத்தைத்தான் பாக்கோணும். மேடைக்கு முதுகைக் காட்டித்தான் நிக்கோணும். ஒருக்கா திரும்பிப் பாத்ததுக்கே இன்ஸ்பெக்டர் மெமோ குடுத்துட்டாரு."

அமலோற்பவம் அன்று பாலக்கோட்டில் இருட்டில் பாடிய பாட்டை மெல்ல எடுத்தாள்.

கான்ஸ்டபிள் விருட்டென்று எழுந்தார். அவளுக்கு முதுகைக் காட்டி, பிளாட்பாரத்துக் கூட்டத்தைப் பார்த்தபடி விறைப்பாக நின்றார்.