வராத படபடப்பு

"அவரு வெளியிலதானே இருக்காரு?" பூரணம் மூணாவது தடவையா கேட்டா.

"இருக்காரு அக்கா. அந்தக் கதவை விட்டு நகரவே இல்ல." பதில் சொன்ன நர்ஸ் ஜெயந்தினிக்குக் கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சு.

வட்டவளை தேயிலைத் தோட்டத்துலருந்து பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்த சோலைமலைக்கு மூணு நாளா ஆஸ்பத்திரி பெஞ்சுதான் படுக்கை. டொக்டர் அவகிட்ட எதைக் கேட்டாலும் இவன்தான் பதில் சொன்னான். புருசன்னா இப்படியில்ல இருக்கணும்னு வார்டே பேசுச்சு.

பூரணம் ரெண்டு மணி நேரமா அசையாமப் படுத்திருந்தா. தொடை வழியா விட்ட கம்பி இதயத்தோட மேலறைக்குள்ள நிக்குது. அசைஞ்சிரக் கூடாதுன்னு ரெண்டு கைக்கும் பட்டி போட்டிருந்தாங்க. மூக்கு அரிச்சாக்கூடச் சொறிய வழியில்ல.

படபடப்பு வந்தாத்தான், கரண்ட் எந்த இடத்துல தப்பாக் கிளம்புதுன்னு கம்ப்யூட்டர் படம் போடும். அந்த இடத்தைச் சுட்டுட்டா நோய் போச்சு. பாழாப்போன படபடப்பு இன்னைக்குன்னு பார்த்து வரமாட்டேங்குது. மருந்து ஏத்தியாச்சு, கம்பியால சீண்டியும் பார்த்தாச்சு.

"உங்களுக்கு எந்த நேரம் வாறது?" டொக்டர் மயூரதன் யாழ்ப்பாணத்துக்காரர்.

"அந்திக்கு, லயத்து வீட்டுல இருக்கப்பங்க."

"கொழுந்து எடுக்கேக்க?"

"மலையில ஒருநாளும் வந்ததில்லீங்க."

டொக்டர் மணியைப் பார்த்தாரு. "இன்னும் கால் மணித்தியாலம் பாப்பம். வராட்டி வீட்டை அனுப்பத்தான் வேணும். அடுத்த தேதி கிடைக்க ஒரு வருசம் செல்லும்."

பூரணத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. "வீட்டுக்கு அனுப்பிறாதீங்க ஐயா."

ஜெயந்தினிக்கு மனசு தாங்கல. "சேர், அவங்க வீட்டுக்காரரை மைக்குல ரெண்டு வார்த்தை பேசச் சொல்லட்டுங்களா? பாவம், கொஞ்சம் தைரியமா இருப்பாங்க."

டொக்டர் தலையாட்டினாரு. அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து சோலைமலை மைக்குகிட்ட குனிஞ்சான். குரல் அவ்வளவு பதமா இருந்துச்சு.

"பூரணம், நான்தான். இங்கயேதான் இருக்கேன் புள்ள. எங்கயும் போகமாட்டேன்."

திரையில ஒழுங்காப் போய்க்கிட்டிருந்த கோடு தறிகெட்டு ஓடுச்சு. எண்பதுல இருந்த துடிப்பு நூத்தி அறுபதைத் தாண்டிருச்சு. காதைப் பொத்திக்க முடியாம, பூரணம் பட்டியோட கையை இழுத்துக்கிட்டுக் கெடந்தா.

ஜெயந்தினியோட கை இந்தப் பக்க ஸ்பீக்கர் சுவிட்சுக்குப் போச்சு.

டொக்டர் திரையிலருந்து கண்ணை எடுக்கல. "நிப்பாட்டாதேங்கோ. அவரைக் கதைச்சுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கோ."