சிவப்பு மூடி, மஞ்சள் மூடி

“தாமிரம் இடது கைக்குத்தான் போச்சு! எரிச்சலே இல்ல—”

“சும்மா இருங்க. வலது கைக்குத்தான்! தோல் எப்படி மினுமினுக்குது பாருங்க.”

“கை யாருது? எனக்குத் தெரியாதா?”

“மருந்து போட்டு விட்டது யாரு? எனக்குத் தெரியாதா?”

தீக்காயப் பிரிவில் டாக்டரின் எதிரே உட்கார்ந்த பிறகும் ரொட்டிக்கடைக்காரரும் அவர் மனைவியும் ஓயவில்லை. தோற்றவர் ஒரு மாதம் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று பந்தயம்.

அடுப்புக் கதவு கடைக்காரரின் இரண்டு முன்கைகளையும் ஒரே மாதிரி சுட்டிருந்தது. சோதனைக்காக ஒரு கைக்குத் தாமிரம் கலந்த புதுக் களிம்பு, இன்னொன்றுக்கு வழக்கமான களிம்பு. இடதுக்குச் சிவப்பு மூடி டப்பா, வலதுக்கு மஞ்சள் மூடி டப்பா. தாமிரம் எதில் என்பது கலந்தவருக்கு மட்டுமே வெளிச்சம். டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் தொங்கிப்போனது.

“ரெண்டும் ஒண்ணுபோல ஆறியிருக்கே! அதுவும் இவ்வளவு சீக்கிரம்!”

“நல்லதுதானே டாக்டர்?”

“உங்களுக்கு நல்லது. எனக்கு? முதல் ஆளே நீங்கதான். ரெண்டு கைக்கும் வித்தியாசம் இல்லைன்னா, தாமிரத்தாலதான் ஆறுச்சுன்னு யார் நம்புவாங்க? சோதனையையே மூடிடுவாங்க.”

ரொட்டிக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“கோவிச்சுக்காதீங்க. மாவு பிசையற கை வலது கை. அது ஆறலைன்னா கடை படுத்துடுமே! இவ அசந்த நேரமா பார்த்து, சிவப்பு மூடி மருந்தை அதுக்கும் கொஞ்சம்…”

“அடப்பாவி மனுஷா!” என்றாள் மனைவி.

டாக்டரம்மா துள்ளி எழுந்தார்.

“இருங்க, இருங்க! அப்போ வலது கைக்கு ரெண்டு மருந்தும். இடது கைக்குச் சிவப்பு மட்டும். அந்தக் கையே இவ்வளவு வேகமா ஆறியிருக்குன்னா, தாமிரம் சிவப்பு மூடியிலதான்! சோதனை ஜெயிச்சாச்சு!”

“கேட்டியாடி? சமையலறையில பாத்திரம் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு!”

டாக்டரம்மா பெரிய டாக்டரைக் கூப்பிட ஃபோனை எடுத்தார். மனைவி எட்டி, ஃபோன் எடுத்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதை வைங்கம்மா… மத்தியானம் இவர் குறட்டை விடறப்போ, ‘இடது கை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு’ன்னு தினமும் மஞ்சள் மூடி மருந்தை அதுக்கும் தடவி விட்டது யாருன்னு நினைக்கறீங்க?”